ஆன்டிபயாடிக் தோற்கும் புண்ணுக்கு ஒரு ஜெல்... பெப்டைடு மருந்து எப்படி வேலை செய்கிறது, எப்போது கைக்கு வரும்?

உங்கள் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். பழைய தைலம், காலாவதியான இருமல் சிரப், பாதி தீர்ந்த பேண்ட்-எய்டு பாக்கெட் நடுவில் ஒரு நியோஸ்போரின் பவுடர் டப்பாவும் இருக்க அதிக வாய்ப்பு உண்டு. பைக்கில் இருந்து விழுந்து முழங்கை தேய்ந்தாலும், காய்கறி நறுக்கும்போது விரல் வெட்டிக்கொண்டாலும் அம்மா முதலில் தேடுவது அதைத்தான்.

அந்தப் பவுடரில் மூன்று மருந்துகள் இருக்கின்றன. நியோமைசின், பாலிமிக்சின் பி, பேசிட்ராசின். இதில் கடைசி இரண்டும் பெப்டைடு வகை. அதாவது, நம் உடம்பில் புரதத்தைக் கட்டும் அதே அமினோ அமிலங்களைச் சிறு சரமாகக் கோத்தால் கிடைப்பது. 'பெப்டைடு மருந்து' என்று இன்று ஏதோ புது சயின்ஸ் போலப் பேசுகிறோமே, அதை வருஷக்கணக்காக நாமே கையில் தூவிக்கொண்டுதான் இருக்கிறோம்.

பேசிட்ராசினுக்குப் பெயர் வந்த கதை இன்னும் சுவாரஸ்யம். 1943-ல் நியூயார்க்கில் கால் எலும்பு முறிந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் புண்ணில் இருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். அது சுரந்த பொருள் மற்ற கிருமிகளைக் கொன்றது. பாக்டீரியாவின் பெயர் பேசில்லஸ், சிறுமியின் குடும்பப் பெயர் ட்ரேசி. இரண்டையும் ஒட்டி பேசிட்ராசின். 1945-ல் ஆய்வுக் கட்டுரையாகவும் வந்துவிட்டது.

80 வருஷமாக இருக்கிற விஷயத்தைப் பற்றி இப்போது ஏன் பேச வேண்டும்? சாதாரண ஆன்டிபயாடிக்குகள் வேலை செய்யாத புண்கள் கூடிக்கொண்டே போகின்றன என்பதுதான் காரணம்.

காட்டூரில் இருந்து பார்த்தால்

திருச்சியில் பால்பண்ணையைத் தாண்டி திருவெறும்பூர் நோக்கிப் போகிற தஞ்சாவூர் ரோட்டில் இருக்கிறது காட்டூர். வெல்டிங் பட்டறை, லேத் பட்டறை, ஃபேப்ரிகேஷன் வேலை என்று இரும்போடு புழங்கும் ஆட்கள் நிறைய இருக்கிற பக்கம் இது. கையிலும் காலிலும் சின்னதாக வெட்டுப்படுவது இங்கே ஒரு செய்தியே இல்லை. தண்ணீரில் கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

அதே காலில் சுகரும் சேரும்போதுதான் கதை மாறுகிறது. சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், ஐ.சி.எம்.ஆர் உடன் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. பல வருஷம் சுகர் இருந்தால் கால் நரம்பு மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது, செருப்பு கடித்தாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைவு. கொப்புளம் புண்ணாகி, புண் சீழ் பிடித்து, சீழ் எலும்புவரை போன பிறகுதான் "வாடை அடிக்குதுப்பா" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அங்கிருந்து விரலை எடுப்பதா, பாதத்தையே எடுப்பதா என்ற பேச்சுக்கு அதிக தூரம் இல்லை.

இந்தப் புண்ணில் உட்கார்ந்திருக்கும் கிருமிக்கு மருந்து கேட்காவிட்டால்? சென்னைக்கு இந்த விஷயத்தில் ஒரு வரலாறு உண்டு. என்.டி.எம்-1 என்ற நொதி நினைவிருக்கிறதா? கார்பபெனெம் போன்ற வலுவான ஆன்டிபயாடிக்குகளையே உடைத்துப்போடும் நொதி அது. அதைச் சுமக்கும் பாக்டீரியாக்கள் இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டனில் பரவியிருப்பதைக் காட்டிய கட்டுரை 2010 ஆகஸ்டில் லான்செட் குழும இதழில் வந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அது இருந்தது. நொதிக்கு 'நியூ டெல்லி' என்று பெயர் வைத்ததற்குப் பெரிய சண்டையே நடந்தது. சண்டையில் அடிபட்டுப்போன ஒரு தகவல் நமக்கு இங்கே முக்கியம். அந்தக் கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கேட்ட மிகச் சில மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். அதுவும் பெப்டைடு வகைதான். நம் பவுடரில் இருக்கும் பாலிமிக்சினின் உடன்பிறப்பு.

2019-ல் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் உலகம் முழுக்க நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்று 2022-ல் லான்செட் இதழில் வந்த மதிப்பீடு சொல்கிறது.

கிருமியின் தோலைக் கிழிக்கும் சரம்

வழக்கமான ஆன்டிபயாடிக் பெரும்பாலும் கிருமிக்குள் இருக்கும் ஏதோ ஒரு மெஷினைக் குறிவைக்கும். புரதம் தயாரிக்கும் இடம், டி.என்.ஏ நகலெடுக்கும் நொதி, சுவர் கட்டும் நொதி இப்படி. கிருமி அந்த ஒரு பாகத்தின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டாலே மருந்து செல்லாக்காசு.

கிருமிக்கொல்லி பெப்டைடுகளில் பெரும்பாலானவை வேறு வழியில் போகின்றன. இவற்றுக்கு பாசிட்டிவ் மின்னூட்டம். பாக்டீரியாவின் வெளிச்சவ்வுக்கு நெகட்டிவ். காந்தம் மாதிரிப் போய் ஒட்டிக்கொள்ளும். சரத்தின் இன்னொரு பக்கம் எண்ணெய்ப் பசையை விரும்பும் என்பதால் சவ்வுக்குள் நுழைந்து ஓட்டை போடும். உள்ளே இருப்பது வெளியே கசிந்து கிருமி சாகும். நம் செல்களின் வெளிச்சவ்வில் அந்த நெகட்டிவ் மின்னூட்டம் அவ்வளவாகக் கிடையாது, கொலஸ்ட்ரால் வேறு கலந்து அதைக் கெட்டியாக்கி வைத்திருக்கிறது. அதனால் அளவோடு இருக்கும்வரை நமக்கு ஆபத்து குறைவு. (ஆம், கொலஸ்ட்ராலுக்கும் ஒரு நல்ல வேலை இருக்கிறது!)

ஒரு நொதியை மாற்றுவது எளிது, உடம்பின் மொத்தத் தோலையும் மாற்றுவது கஷ்டம். பெப்டைடுக்கு எதிராகக் கிருமி தேறிவர அதிக நாள் ஆவதற்குக் காரணம் இதுதான்.

இதை நம் உடம்பே செய்துகொண்டிருக்கிறது. திருச்சி வெயிலில் வழிகிற வியர்வை இருக்கிறதே, அதில் டெர்ம்சிடின் என்ற கிருமிக்கொல்லி பெப்டைடு இருப்பதை 2001-ல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகர விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். தோலிலும் வெள்ளை அணுக்களிலும் எல்.எல்-37 என்ற இன்னொன்று இருக்கிறது. 37 அமினோ அமிலங்கள் கொண்டது, அதனால் அந்தப் பெயர். நாள்பட்டு ஆறாத புண்களின் ஓரத்தில் இது வற்றிப்போயிருப்பதையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

தவளை தந்த நம்பிக்கை, இரண்டு முறை விழுந்த அடி

இந்தத் துறையின் பிரபலமான கதை ஒரு தவளைத் தொட்டியில் ஆரம்பிக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி மைக்கேல் ஸாஸ்லோஃப், ஆப்பிரிக்க நகத்தவளைகளுக்கு ஆபரேஷன் செய்து தையல் போட்டு மறுபடியும் கலங்கிய தொட்டித் தண்ணீரிலேயே விடுவார். எந்தத் தவளைக்கும் புண் சீழ் பிடிக்கவில்லை. ஏன் என்று தேடியதில் தவளையின் தோலில் ஒரு பெப்டைடு கிடைத்தது. 1987-ல் வெளியிட்டபோது 'மகைனின்' என்று பெயர் வைத்தார். கேடயத்துக்கான ஹீப்ரு சொல்லில் இருந்து வந்தது.

(நம் மேற்குத்தொடர்ச்சி மலைத் தவளைகளும் சளைத்தவை இல்லை. கேரளத் தவளை ஒன்றின் தோலில் கிடைத்த பெப்டைடு ஒருவகை ஃப்ளூ வைரஸை அழிப்பதாக 2017-ல் திருவனந்தபுரம் ராஜீவ்காந்தி உயிரித் தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து காட்டின. அதன் பெயர் 'உருமின்'. களரியில் சுழற்றும் உருமி வாள், நம் ஊர் சிலம்பக்காரர்கள் சொல்லும் சுருள்வாள். அது வைரஸ் கதை என்பதால் இத்தோடு விடுகிறேன்.)

மகைனினைக் கொஞ்சம் மாற்றி பெக்ஸிகனான் என்ற க்ரீமாக்கி, சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணில் போட்டுப் பார்த்தார்கள். வாயில் போடும் ஆஃப்ளாக்சசின் மாத்திரைக்குக் கிட்டத்தட்ட இணையாக வேலை செய்தது. "இணை என்றால் புதுசு எதற்கு?" என்று 1999-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தர மறுத்தது. பிறகு வேறொரு நிறுவனம் அதையே எடுத்து மருந்தில்லாத வெறும் க்ரீமோடு ஒப்பிட்டுப் பெரிய சோதனை நடத்தியது. 2016-ல் ரிசல்ட் வந்தது. வெறும் க்ரீமைவிட இது மேல் என்று நிரூபிக்க முடியவில்லை.

எனக்கு இந்த இரண்டாவது தோல்விதான் அதிகம் யோசிக்க வைத்தது. அந்தச் சோதனையில் இரு பக்கத்து நோயாளிகளுக்கும் புண்ணை முறையாகச் சுத்தம் செய்து, கட்டு மாற்றி, கவனித்தார்கள். லேசான தொற்று உள்ள புண்ணில் அந்த கவனிப்புக்கு மேல் மருந்து தனியாக ஒரு வித்தியாசத்தைக் காட்ட முடியவில்லை.

ஆய்வுக்கூடத் தட்டில் கிருமியைக் கிழித்தெறிகிற பெப்டைடு, நிஜப் புண்ணில் ஏன் தடுமாறுகிறது? புண் என்பது ஒரு சந்தைக்கடை. அங்கே புரதத்தை வெட்டும் நொதிகள் ஏராளம். நம் வெள்ளை அணுக்கள் விடுவது பாதி, கிருமிகள் விடுவது பாதி. பெப்டைடு புரதத்தின் சொந்தக்காரன் என்பதால் அதையும் சேர்த்து வெட்டிவிடும். ரத்த நீரில் இருக்கும் புரதங்களும் உப்பும் மீதியை முடக்கும். போதாததற்கு, கிருமிகள் கூட்டமாகச் சேர்ந்து பசை போலப் படலம் கட்டிக்கொண்டு அதற்குள் ஒளிந்திருக்கும். வெகுநாள் கழுவாத தண்ணீர்த் தொட்டியில் கைவைத்தால் வழுவழுவென்று இருக்குமே, அதே சமாச்சாரம்தான் புண்ணிலும்.

சரி, டோஸை ஏற்றி ஊசியாகவே போட்டுவிடலாமா என்றால், அளவு கூடினால் பல பெப்டைடுகள் நம் ரத்த சிவப்பணுக்களையும் உடைக்கும். தயாரிப்புச் செலவும் எகிறும். மருந்து புண்ணிலேயே நிற்க வேண்டும், வெட்டுப்படாமல் இருக்க வேண்டும், மெதுவாக வேலை செய்ய வேண்டும். ஜெல் வருவது இங்கேதான்.

பாதாம் பிசின் தெரியுமா?

ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசினை ராத்திரி ஊறவைத்தால் காலையில் கிண்ணம் நிறையப் பொங்கி நிற்கும். ஒரு சிட்டிகைப் பிசின் அத்தனை தண்ணீரையும் பிடித்துக்கொண்டு, ஒழுகாமல் கண்ணாடி மாதிரி நிற்கிறது. ஹைட்ரோஜெல் என்பது இதேதான். நீளமான மூலக்கூறுகள் வலை போலப் பின்னி, அதற்குள் தண்ணீரைச் சிறைபிடித்து வைத்திருக்கும். அந்த வலைக்குள் பெப்டைடை வைத்தால் வெட்டும் நொதிகள் அவ்வளவு சுலபமாக உள்ளே வர முடியாது. புண்ணும் ஈரமாக இருக்கும். ஆறுகிற புண்ணுக்கு மிதமான ஈரம் நல்லது. "காத்தாட விடு, தானா காயும்" என்ற வீட்டு வைத்தியம் எல்லாப் புண்ணுக்கும் சரிவராது.

வலையை எதில் பின்னுவது? இறால், நண்டு ஓட்டில் இருந்து எடுக்கும் கைட்டோசான், கடல்பாசியில் இருந்து வரும் ஆல்ஜினேட், நம் தோலிலேயே இருக்கும் ஹயலுரானிக் அமிலம் (ஃபேஸ் சீரம் பாட்டிலில் பார்த்திருப்பீர்கள்) எல்லாம் பயன்படுகின்றன. ப்ளூரானிக் என்ற செயற்கைப் பொருள் ஒன்று உண்டு. குளிரில் தண்ணீராக இருந்து உடம்புச் சூட்டில் ஜெல்லாக உறையும். புண்ணின் மூலைமுடுக்கெல்லாம் ஊற்றி நிரப்ப அது வசதி. சில ஆய்வகங்கள் இன்னும் ஒரு படி போய், பெப்டைடுகளே ஒன்றோடொன்று கோத்து ஜெல்லாகும்படி வடிவமைக்கின்றன. அங்கே வலையும் மருந்தும் ஒன்றே.

பெப்டைடை வைப்பதிலும் இரண்டு கட்சி இருக்கிறது. ஒன்று, ஜெல்லில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுவது. இன்னொன்று, ஜெல்லோடு ரசாயனப் பிணைப்பால் கட்டிப்போட்டு, தொட வரும் கிருமியை அங்கேயே முடிப்பது. இரண்டாவதைச் செய்து காட்டியவர்கள் ஸ்வீடன் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் ஆண்டர்சன் குழுவினர். கட்டிப்போட்ட பெப்டைடு, தனியாக விட்டதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தது. பெப்டைடு ஜெல்லை விட்டு வெளியே போகாததால் உடம்புக்குள் கலக்கும் பயமும் குறைவு. அங்கிருந்து கிளம்பிய அம்ஃபெரியா என்ற ஸ்டார்ட்-அப்பை நடத்துகிறவர்களில் ஒருவர் ஆனந்த்குமார் ராஜசேகரன். நாய், பூனைகளின் காயங்களிலும் இந்த ஜெல் கட்டை முயன்று பார்த்திருக்கிறார்கள்.

நெதர்லாந்தின் லைடன் நகரில் எல்.எல்-37-ஐ மாற்றி சாப்-148 என்று ஒன்றைச் செய்தார்கள். 2018-ல் வந்த முடிவுப்படி, அதைக் களிம்பாகப் பூசியபோது எலிகளின் தோலிலும், ஆய்வகத்தில் வைத்திருந்த மனிதத் தோலிலும் இருந்த எம்.ஆர்.எஸ்.ஏ கிருமியும் பல மருந்துக்கு அடங்காத அசினெட்டோபேக்டரும் அழிந்தன, படலம் கட்டி ஒளிந்திருந்தவையும் சேர்த்து. எம்.ஆர்.எஸ்.ஏ என்றால் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத ஸ்டஃபைலோகாக்கஸ். புண்களில் வழக்கமாக வந்து உட்காரும் ஆசாமி.

மனிதர்களிடம்? 2023-ல் இந்தோனேசியாவில் இருந்து ஒரு முடிவு வந்தது. லேசான தொற்று இருந்த சர்க்கரைப் புண்களில் எல்.எல்-37 க்ரீம் போட்டவர்களுக்குப் புண் வேகமாக ஆறியது. ஆனால் கிருமிகளின் எண்ணிக்கை குறையவில்லை. இது கொஞ்சம் விசித்திரமான முடிவு. எல்.எல்-37 கிருமியைக் கொல்வதோடு தோல் செல்களை வளரவும் தூண்டும் என்பதால், ஆறியதற்கு அது காரணமாக இருக்கலாம்.

நம் பக்கத்திலும் வேலை நடக்கிறது. திருச்சியில் இருந்து இரண்டு மணி நேரம் போனால் காரைக்குடி. அங்கே அழகப்பா பல்கலைக்கழகத்தில் இறால், நண்டுகளில் உள்ள கிருமிக்கொல்லி பெப்டைடுகளை ஆராய்கிறார்கள். ஹைதராபாத் சி.சி.எம்.பி-யில் ஆர்.நாகராஜ் இத்துறையில் பல பத்தாண்டுகள் உழைத்தவர். பெங்களூரு ஜே.என்.சி.ஏ.எஸ்.ஆர்-ல் ஜெயந்த ஹல்தார் குழு, பெப்டைடு போலவே வேலை செய்யும், ஆனால் நொதிகளால் வெட்ட முடியாத மலிவான மூலக்கூறுகளையும் அவற்றை வைத்து ஜெல்களையும் உருவாக்கி வருகிறது. நம் நாட்டு பட்ஜெட்டுக்கு இந்த வழிதான் ஒத்துவரும் என்பது என் கணிப்பு.

இதற்கும் கிருமி பழகிவிடுமா?

பழகும், மெதுவாக. நாம் நடந்துகொள்வதைப் பொறுத்து வேகமாகவும் பழகும். சாட்சி கொலிஸ்டின். கடைசி ஆயுதமாகப் பத்திரப்படுத்த வேண்டிய அந்த மருந்தைக் கோழி சீக்கிரம் எடை கூடத் தீவனத்தில் கலந்தார்கள். 2015-ல் சீனாவில் கொலிஸ்டினைத் தோற்கடிக்கும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்கு அதைக் கைமாற்றவும் முடியும். 2019 ஜூலையில் இந்திய அரசு கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் கொலிஸ்டினைத் தடை செய்தது. நாமக்கல் முட்டை சாப்பிடும் திருச்சிக்காரர்களுக்கு அந்தத் தடை வீட்டுச் செய்திதான்.

நாளைக்கே பெப்டைடு ஜெல் மெடிக்கல் ஷாப்பில் வந்து, அதை முகப்பருவுக்கும் கொசுக்கடிக்கும் தடவ ஆரம்பித்தால் அதற்கும் இதே கதி வரலாம்.

அதுவரை புண்ணுக்கு என்ன செய்வது?

இப்போதைக்கு இந்தப் புதுவகை ஜெல்லை எழுதித் தரும்படி காட்டூர் டாக்டரிடம் கேட்க முடியாது. ஆன்லைனில் 'பெப்டைடு' என்று போட்டு விற்பதெல்லாம் பெரும்பாலும் முகத்துக்கான அழகு க்ரீம்கள். புண்ணில் தடவிவிடாதீர்கள்.

வீட்டில் சுகர் உள்ளவர் இருந்தால் தினமும் ராத்திரி அவர் பாதத்தை நீங்களே பாருங்கள், மொபைல் டார்ச் அடித்து. விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால். குனிந்து பார்க்க முடியாத அப்பாவுக்கு இது பெரிய உதவி. செருப்புக்குள் கல், ஆணி இருக்கிறதா என்று கையால் தடவிவிட்டுப் போடச் சொல்லுங்கள். கால் ஆணியை பிளேடால் சீவுவது கூடவே கூடாது.

ஸ்ரீரங்கம் போகிறீர்களா? ஏழு பிராகாரம். சித்திரை மதியம் கல் தரை எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நமக்குச் சுட்டால் ஓடி நிழலில் நிற்போம். கால் மரத்தவருக்குச் சுடுவதே தெரியாது, வீட்டுக்கு வந்த பிறகு கொப்புளம் தெரியும். காலை ஏழு மணிக்குள் கூட்டிப்போங்கள், இல்லை காட்டன் சாக்ஸ் போடச் சொல்லுங்கள். மலைக்கோட்டைப் படிக்கும் இதே விதி.

புண் வந்துவிட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவி, துணி போட்டு மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள். ஆழமான புண்ணில் பவுடரைக் கொட்டினால் அது கட்டியாகி அடியில் இருப்பதை மறைக்கும். மஞ்சளும் காபித்தூளும் சமையல்கட்டிலேயே இருக்கட்டும்.

டாக்டரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்: "கல்ச்சர் எடுக்கலாமா சார்?" எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் டெஸ்ட் அது. புண்ணைச் சுத்தம் செய்த பிறகு ஆழத்தில் இருந்து எடுத்தால்தான் சரியான முடிவு வரும். எல்லாப் புண்ணுக்கும் ஆன்டிபயாடிக் தேவையில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். சிவப்பு, வீக்கம், சூடு, சீழ் போன்ற தொற்று அறிகுறி இல்லாத சர்க்கரைப் புண்ணுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்பதே சர்வதேச வழிகாட்டுதல். அதற்கு வேண்டியது அழுத்தம் படாமல் காலுக்கு ஓய்வும், சுகர் கட்டுப்பாடும், முறையான கட்டும்.

மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து. வலுவான ஆன்டிபயாடிக்குகள் பலவற்றை 2014 மார்ச் முதல் 'ஹெச்-1' பட்டியலில் வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதித்தான் தர வேண்டும். எழுதாமல் தந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. எழுதித் தந்த கோர்ஸை இரண்டு நாளில் வலி போனதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மீதியை அண்ணன் புண்ணுக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

தமிழக அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பரிசோதிப்பதற்கென்றே வந்தது. திருச்சியில் புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, அதாவது நம் ஜி.எச்., பெரிய மையம். கால் திடீரென்று கறுத்தாலோ, புண்ணில் வாடை வந்தாலோ, சிவப்பு மேல்நோக்கிப் பரவினாலோ, காய்ச்சலும் குளிரும் சேர்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே கிளம்பிவிடுங்கள். போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளையும், எடுத்திருந்தால் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.